போனுக்குள் இருந்த 38 லட்சம்: வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் பட்ட பாடு

என் வீட்டுக்காரர் 2024 மழைக்காலத்தில் தவறிவிட்டார். கடைக்கு முதலாக ஓடிக்கொண்டிருந்த 38 லட்சம் கியாட், அதாவது பர்மா நாட்டுப் பணம், அவர் போன் வாலட்டிலும் (போனிலேயே பணம் வாங்கி, அனுப்புகிற ஆப்) அதோடு இணைத்த பேங்க் கணக்கிலும் இருந்தது. அந்தப் பணம் என் கைக்கு வர அடுத்த வருஷம் பங்குனி ஆகிவிட்டது. நடுவில் நான் அலைந்த அலைச்சலும் கேட்ட பேச்சும் போகட்டும், இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி கஷ்டம் மிச்சமாகியிருக்கும். இங்கே பர்மாவில், ரங்கூனிலும் பெகுவிலும் தட்டோனிலும் மோல்மேனிலும் நம்ம தமிழ் ஆட்கள் கடை வரவு முழுக்க போனில்தான் வாங்குகிறோம். பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒருத்தர் பேரில், ஒரே நம்பரில். அப்படி இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த வாலட், எந்த சிம் கம்பெனி என்று பேர் சொல்லப் போவதில்லை. பேரைத் தெரிந்துகொள்வதால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, என்ன செய்து வைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முதலில் ஒன்று. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிற குடும்பம் இல்லை. என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது அத்தை கல்யாணமாகி வந்த புதுசு. அந்த வருஷம்தான் கடைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, உறவுக்காரர்கள் பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். அப்புறம் 1985 நவம்பரில் மறுபடியும் நோட்டு செல்லாது. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதம். அந்தத் தடவை மாற்றியும் தரவில்லை. 2003இல் தனியார் பேங்க் வாசலில் பணத்தை எடுக்க ஜனம் அடித்துப் பிடித்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவும் பார்த்த மனுஷி, நாலு காசு சேர்ந்தால் ஒன்று தங்கம் வாங்கு, இல்லை மூட்டையில் பருப்பாக வை என்பார். போனில் பணம் வைப்பதை அத்தை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ஆனால் வியாபாரம் செய்கிறவனுக்கு வேறு வழி இருந்ததா? 2014இல்தான் இந்த ஊரில் 1,500 கியாட்டுக்கு சிம் கிடைத்தது. அதற்கு முன் ஒரு சிம்முக்கு லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. போன் வாலட்டில் 2016இல் வேவ் மணி வந்தது, 2018இல் கேபிஇசட் பே வந்தது, கொஞ்ச நாளில் டீக்கடை வரைக்கும் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். எங்க வீட்டுக்காரருக்குப் பருப்பு வியாபாரம். பயின்னாவ் மொத்தச் சந்தையில் உளுந்தும் கடலையும் எடுத்து, உடைத்துத் தோல் நீக்கி, இட்லிக் கடைகளுக்கும் சமூசா போடுகிறவர்களுக்கும் கொடுப்பார். கைக்காசு வாங்குவதில் என்ன தொல்லை என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நூறு, இருநூறு கியாட் நோட்டெல்லாம் டேப் ஒட்டி, எண்ணெய் ஏறி, எந்த ஓரம் எங்கே என்று தெரியாமல் இருக்கும். கிழிந்த நோட்டை அடுத்த கடைக்காரர் தொடமாட்டார், மாற்றிக் கொடுப்பவர் தன் பங்கைப் பிடித்துக்கொள்வார். சில்லறைக்குப் பதில் டிஷ்யூ பாக்கெட்டும் மிட்டாயும் வாங்கி வாங்கி அலுத்துப் போயிருந்தோம். போனில் வாங்கினால் எண்ண வேண்டாம், ராத்திரி பையைத் தூக்கிக்கொண்டு பயந்து பயந்து வர வேண்டாம். அது உண்மையான வசதி. அதைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் இந்த நம்பிக்கையில் முதல் ஓட்டை விழுந்தது. பேங்க் மூடிக் கிடந்தது, ஏடிஎம் வாசலில் விடியற்காலையிலேயே வரிசை, மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டார்கள். போனில் பணம் இருக்கிறது, கையில் கொடுக்க ஆள் இல்லை. ஏஜென்ட் கடைகளில் நூற்றுக்கு ஐந்து, ஏழு என்று பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள், ஒரு சமயம் பத்துக்கு மேலேயும் போனது. லட்சம் கியாட் இருக்கிறது என்று போன் சொல்லும், கையில் தொண்ணூறாயிரம் வந்தால் அதிர்ஷ்டம். போன் பணமும் கைப்பணமும் ஒரே விலை இல்லை என்று அப்போது படித்துக்கொண்டோம். அப்புறம் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது, எல்லாரும் பழையபடி போனுக்கே திரும்பினோம். ஒரு விஷயத்தை மட்டும் நாங்களும் யோசிக்கவில்லை, எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. நாட்டுக்கு ஆபத்து வந்தால் மட்டும் அல்ல, போன் வைத்திருக்கிற ஒரு மனுஷருக்கு ஏதாவது ஆனாலும் அந்தப் பணம் இதே மாதிரிதான் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அவருக்கு ராத்திரியில் பக்கவாதம். பேச்சு நின்றுவிட்டது, வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்க உடனே பணம் கட்டச் சொன்னார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு சாயங்காலத்திலிருந்து கரன்ட் இல்லை, அவர் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளக்கில் சொருகி ஆன் பண்ணினேன். கொழுந்தன், அண்ணி கைரேகை வையுங்க என்றார். அவர் இடது கை விரலை எடுத்து போனில் வைத்தேன். விரல் சூடாகத்தான் இருந்தது. போன் ஏற்கவில்லை. அணைந்து மறுபடி ஆன் ஆன போன் முதல் தடவை கைரேகையை ஏற்காதாம், பின் நம்பர்தான் கேட்குமாம். இது எனக்கு அப்போது தெரியாது. துடைத்துத் துடைத்து வைத்தேன். கண் திறக்காத மனுஷனின் விரலைப் பிடித்து அழுத்திக்கொண்டு நிற்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, ஒரு பர்மிய அம்மா, ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து பணம் எடுத்து நீட்டினார். மிச்சத்துக்கு என் சங்கிலி போனது. மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார்.

இதிலிருந்து முதலில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரிப் பணம். ஒரு ராத்திரிக்கு, ஒரு அட்மிஷனுக்கு ஆகிற தொகை வீட்டில் கைக்காசாக இருக்க வேண்டும். நல்ல நோட்டாக, மடிப்பு இல்லாமல், கிழிசல் இல்லாமல். கடைச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கக்கூடாது. அது இருக்கிற இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். போனில் கோடி இருந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு ஏஜென்ட் கடை திறந்திருக்காது. கரன்ட் போனால் சில பேட்டைகளில் டவரும் கூடவே போய்விடுகிறது, கவுண்டரில் இருக்கிறவர் போனில் வாங்கத் தயாராக இருந்தாலும் அனுப்ப லைன் கிடைக்காது.

கருமாதி முடிந்து கடையைத் திறந்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. கல்லாப்பெட்டியில் ஒட்டியிருந்த கியூஆர் அவர் பேரில். அவர் தவறிய செய்தி தெரிந்த வாடிக்கைக்காரர்கள், பாவம், நல்ல மனசோடு பாக்கியை எல்லாம் அதே நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "அக்கா, அண்ணன் கணக்குல போட்டுட்டேன், கவலைப்படாதீங்க" என்று ஒவ்வொருத்தராக வந்து சொன்னபோது எனக்கு அழுவதா நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. எங்களிடம் பட்டாணி வாங்கி பெபியோ, அதாவது வேகவைத்த பட்டாணி, விற்கிற அம்மா ஒருவர் தன் சிறுவாட்டுப் பணத்தைக்கூட அனுப்பியிருந்தார். ஆளே இல்லாத கணக்கு, பணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நான் கத்தியை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்டினேன். பாதி கிழிந்தும் அது ஸ்கேன் ஆனது, அதன் மேல் பேப்பர் ஒட்டி மறைத்தேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நிலைமை வந்தால், வரக்கூடாது, வந்தால், முதல் நாளே யாராவது ஒரு பிள்ளையிடம் சொல்லி கடையில் இருக்கிற கியூஆரை எடுத்துவிடுங்கள். வாடிக்கைக்காரர் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு அந்த நம்பருக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். அனுப்பியவர்களிடம் பரிவர்த்தனை எண் தெரிகிற மாதிரி ரசீது வாங்கி வையுங்கள். பின்னால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தபோது எனக்குக் கைகொடுத்தது அந்த ரசீதுகள்தான். என்னால் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவே முடியவில்லையே.

கஸ்டமர் சர்வீசுக்கு போன் போட்டேன். பேசின பெண் மரியாதையாகத்தான் பேசினாள், அன்ட்டீ அன்ட்டீ என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அவள் கையில் இருந்த பதில் ஒன்றே ஒன்று: கணக்குக்காரரை நேரில் வரச் சொல்லுங்கள். அவர் தவறிவிட்டார் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்று லைனில் பாட்டுப் போட்டாள். திரும்பி வந்து, அப்படியானால் வாரிசு என்பதற்கான காகிதங்களோடு கிளைக்கு வாருங்கள் என்றாள். என்னென்ன காகிதம் என்று கேட்டால், கிளையில் சொல்வார்கள். கிளையில் கேட்டால் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம். இப்படியே ஐப்பசி போய் கார்த்திகை வந்தது. யார் மேலேயும் கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பணம் உள்ளே வர நூறு வழி வைத்தவர்கள், கணக்குக்காரர் போய்விட்டால் அது வெளியே வர என்ன வழி என்று கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மனசு கசந்தது அதில்தான்.

என்ன காகிதம் வேண்டும் என்பதை ஒரே ஒரு முறை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் ஒரு மனு எழுதி, இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வேலை நகர்ந்தது. வாய்ப்பேச்சாகப் போய்ப் போய் வந்த மாதங்கள் எல்லாம் வீண்.

இந்தச் சமயத்தில் என் மகள், இணையத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று அந்தக் கம்பெனியின் பக்கத்தில் எங்கள் நிலைமையை எழுதினாள். அரைமணி நேரத்தில் அதே சின்னம், அதே நிறத்தோடு ஒரு கணக்கிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது. உங்கள் விஷயத்தைச் சிறப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம், சரிபார்க்க உங்கள் போனுக்கு வரும் ஆறு எண்களை அனுப்புங்கள் என்று. மகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தவறியவர் கணக்குக்கு என் போனில் ஏன் எண் வர வேண்டும் என்று கேட்டு அதை அங்கேயே நிறுத்தினோம். வேறு ஒருத்தர் கடைக்கே வந்து, உள்ளே ஆள் இருக்கிறது, நூற்றுக்கு இருபது கொடுத்தால் கணக்கைத் திறந்து தருகிறேன் என்றார். துக்க வீட்டைத் தேடி வருகிற இந்த ஆட்களைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. உங்கள் கஷ்டத்தைப் பொது இடத்தில் எழுதாதீர்கள். தவறியவரின் போன் நம்பரைக் கண்டிப்பாக எழுதாதீர்கள். ஓடிபி கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் உதவி செய்ய வந்தவர் கிடையாது.

நிறையப் பேர் என்னிடம், பின் நம்பர் தெரிந்திருந்தால் ஒரு நொடியில் எடுத்திருக்கலாமே என்றார்கள். வழக்கறிஞரிடம் கேட்டேன். கம்பெனி விதிப்படியே அது யாருக்கும் சொல்லக்கூடாத எண். அதையும் விடுங்கள், ஆள் தவறிய பிறகு அவர் கணக்கிலிருந்து எடுத்தால் மற்ற வாரிசுகளுக்குத் தெரியாமல் எடுத்ததாக நாளைக்கு யாரும் பேசலாம் என்றார். எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார், கொழுந்தன் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். பணத்தால் உறவு கெட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நேர் வழியில் நேரமானாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் யாருமே சொல்லாத ஒன்று சிம். அவர் சிம்மை என்ன செய்வது என்று யோசித்து ஓரமாக வைத்துவிட்டிருந்தேன். போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற நம்ம பையன் ஒருவன்தான், "அத்தே, டாப்அப் பண்ணாம விட்டா நம்பர் செத்துரும், அப்புறம் அதே நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றான். வாலட் முழுக்க அந்த நம்பரின் மேல் நிற்கிறது. அதனால் மாசம் பிறந்தால் அவர் நம்பருக்கு ஆயிரம் கியாட் போட்டு வந்தேன். போட்டவுடன் அவர் போனில் நன்றி சொல்லி ஒரு மெசேஜ் வந்து விழும், மேஜையில் அந்த போன் ஒரு தடவை அதிரும். முதல் மாசம் அந்தச் சத்தம் கேட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு வலித்தாலும் சிம்மை உயிரோடு வைத்திருங்கள், வேலை முடிகிற வரைக்கும் போனை யாருக்கும் கொடுக்காதீர்கள், துடைத்து ரீசெட் செய்யவும் விடாதீர்கள்.

இன்றைக்கே நீங்கள் பார்க்க வேண்டியது அந்த சிம் யார் பேரில் இருக்கிறது என்பது. 2014, 15 வாக்கில் சிம் மலிந்தபோது தெருமுனையில், பெட்டிக்கடையில், யார் யார் கார்டையோ வைத்து வாங்கியவர்கள் ஏராளம். மருமகன் பேரில் இருக்கும், வேலை செய்த பையன் பேரில் இருக்கும், அந்தப் பையன் இப்போது தாய்லாந்தில் இருப்பான். சிம் கம்பெனி கடைக்கு என்ஆர்சி கார்டோடு (அரசாங்கம் கொடுக்கிற அடையாள அட்டை) நேரில் போய், இந்த நம்பர் என் பேரில்தான் இருக்கிறதா, கார்டு எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிந்திருக்கிற ஆள் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு சிம் அவர் பேரில்தான் இருந்தது. ஆனால் எந்தப் பேரில்? இது நம்ம ஜனத்துக்கு உள்ள சங்கடம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு பர்மியப் பேர் வைத்தார்கள், அதுதான் என்ஆர்சியில். வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பேர். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது கோயிலில். கோயில் கொடுத்த கல்யாணச் சீட்டில் தமிழ்ப் பேர்தான் இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் பர்மியப் பேர். வாலட் கம்பெனிக்கு நான் யார்? அந்தப் பர்மியப் பேருள்ள மனுஷனுக்கு மனைவி என்று காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. இந்த ஊரில் கல்யாணமானால் பெண்ணின் பேர் மாறுவதில்லை, குடும்பப் பேரும் கிடையாது. என் கார்டில் என் அப்பா பேர்தான் இருக்கிறது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரின் மனைவி என்பதை ஒரு கவுண்டரில் நின்று நிரூபிக்க வேண்டி வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

காப்பாற்றியது குடும்பப் பட்டியல்தான், 66/6 என்று சொல்கிறோமே, அதில் அவர் குடும்பத் தலைவர், நான் மனைவி என்று இருந்தது. ஆனால் தவறியவர் பேரை அதில் அடித்துவிடுவார்கள். அடிப்பதற்கு முன் இருந்த பட்டியலின் நகல், அடித்த பிறகு உள்ள பட்டியலின் நகல், இரண்டையும் எடுத்துச் சான்று வாங்கி வையுங்கள். இறப்புச் சான்றிதழையும் கையோடு நிறையப் பிரதிகள் வாங்கிவிடுங்கள். சிம் கம்பெனிக்கு ஒன்று, வாலட்டுக்கு ஒன்று, பேங்குக்கு, கோர்ட்டுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். தமிழ்ப் பேரும் பர்மியப் பேரும் ஒரே ஆளுடையதுதான் என்று வார்டு ஆபீசில் ஒரு கடிதம் வாங்கினேன், கோயில் கமிட்டி ஒரு கடிதம் கொடுத்தது, பழைய சாட்சிகள் இரண்டு பேர் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டார்கள்.

இவ்வளவும் கொடுத்த பிறகு கோர்ட் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். வெள்ளைக்காரன் காலத்து 1898ஆம் வருஷச் சட்டம் ஒன்றின் 13ஆவது பிரிவுப்படி, வாரிசு விஷயத்தில் பௌத்தர்களுக்குப் பௌத்த வழக்கம், இந்துக்களுக்கு இந்து வழக்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் வழக்கம் என்றுதான் இங்கே இன்றும் பார்க்கிறார்கள். அதனால் வாலட் கம்பெனி தானாக யார் வாரிசு என்று தீர்மானிக்க முடியாது, கோர்ட் சொன்னால்தான் கொடுக்கும். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது. கவுண்டர் பெண்ணுக்கு இது தெரிந்திருந்து முதல் நாளே சொல்லியிருந்தால் நான் கோர்ட் வேலையைப் புரட்டாசியிலேயே தொடங்கியிருப்பேன். பத்திரிகையில் விளம்பரம், அத்தையின் சம்மதக் கடிதம், பிள்ளைகளின் கையெழுத்து, வாய்தா. வழக்கறிஞர் கூலி, நோட்டரி, முத்திரை, விளம்பரம், டாக்சி எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் கியாட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கொள்முதலுக்குக் கைமுதல் இல்லாததால் உளுந்து சீசனையும் விட்டேன். விற்ற சங்கிலியைத் திரும்ப வாங்கலாம் என்று கடையில் கேட்டால் தங்கம் விலை கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பணம் வந்தது உண்மை. ஒரு கியாட் குறையாமல் வந்தது, அதையும் நான் சொல்லியாக வேண்டும். கம்பெனி ஏமாற்றவில்லை. ஆனால் அது என் பேரில் உள்ள கணக்குக்குத்தான் வரும் என்றார்கள், அதுவும் முழுச் சரிபார்ப்பு முடிந்த கணக்கு. என்னிடம் அப்படி ஒன்று இல்லை. என் கார்டு பச்சைக் கார்டு, அதாவது மனுப் போட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்குக் கொடுப்பது, அதில் பிறந்த வருஷம் மங்கிப் போயிருந்ததால் போனில் எடுத்த படத்தை அவர்கள் சிஸ்டம் திருப்பித் திருப்பி அனுப்பியது. வெயிலில், வாசல்படியில் கார்டை வைத்துப் படம் எடுத்து, கடைசியில் கிளைக்கே போய்க் காட்டி முடித்தேன். நம்மில் இணைக் குடிமக்களுக்கான நீலக் கார்டும் பச்சைக் கார்டும் வைத்திருப்பவர்கள் பலர். அவசரம் இல்லாத காலத்திலேயே உங்கள் பேரில், உங்கள் சிம்மில், உங்கள் கார்டில் ஒரு கணக்கைத் திறந்து முழுச் சரிபார்ப்பையும் முடித்து வையுங்கள். குறிப்பாக வீட்டுப் பெண்கள். அவர்தான் பார்த்துக்கொள்கிறாரே என்று விடாதீர்கள்.

இப்போது கடையில் இரண்டு கியூஆர் இருக்கிறது, ஒன்று என் பேரில், இன்னொன்று மகள் பேரில், இரண்டும் வேறு வேறு வாலட். சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்த்து, அடுத்த கொள்முதலுக்கு வேண்டியது போக மிச்சத்தை எடுத்துவிடுவேன். ஏஜென்ட் கூலி போகத்தான் செய்கிறது, அது கடைச் செலவில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். யாராவது அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் என் போனில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகுதான் மூட்டையைத் தூக்க விடுவேன், பழகிய ஆளாக இருந்தாலும் சரி. ஒரு நோட்டில் எந்த வாலட், எந்த நம்பர், எந்தப் பேரில், எந்த பேங்க் கணக்கோடு இணைத்தது, சிம் யார் பேரில் என்று எழுதி வைத்திருக்கிறேன். பின் நம்பர் அதில் கிடையாது. அந்த நோட்டு அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

2025 மார்ச் 28ஆம் தேதி நிலநடுக்கத்தில் என் தங்கை மாண்டலேயில் மாட்டிக்கொண்டாள். கரன்ட் இல்லை, லைன் இல்லை. நான் அனுப்பிய பணம் அவள் போனில் ஏறியதா என்றுகூட உடனே தெரியவில்லை. தண்ணீர் விற்றவரிடம் கைக்காசு கொடுத்துத்தான் அவள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்கினாள். நான் சொல்லிச் சொல்லி அவள் எடுத்து வைத்திருந்த பணம் அது.

கடைசியாக, கோயில் கல்யாணச் சீட்டு. எனக்கு நடந்ததைக் கமிட்டியில் போய்ச் சொன்னேன். இப்போது எங்கள் கோயிலில் புதுச் சீட்டு எழுதும்போது தமிழ்ப் பேரோடு என்ஆர்சிப் பேரும் கார்டு எண்ணும் சேர்த்து எழுதுகிறார்கள். பழைய சீட்டு உள்ளவர்களுக்கும் தமிழ்ப் பேர், என்ஆர்சிப் பேர் இரண்டையும் போட்டுத் தனிக் கடிதம் தருகிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலிலும் கேளுங்கள். போகும்போது கணவன், மனைவி இருவருடைய என்ஆர்சி நகலும், குடும்பப் பட்டியல் நகலும், கல்யாணத்தை நேரில் பார்த்த ஒரு பெரியவரும் கூட இருந்தால் வேலை அன்றைக்கே முடியும்.